டிரைசூட்டைக் கழற்றினால் உள்ளே ஈரமா?

குளிர்ந்த தண்ணீரில் டைவ் செய்பவர்கள் நனையாமல் இருக்கப் போடும் டிரைசூட்டை வாங்கிய புதிதில் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. இத்தனை டாலர் கொட்டிக் கொடுத்தாயிற்று, டைவ் முடித்துக் கழற்றிப் பார்த்தால் உள்சுவரைத் தொட்ட கை நனைகிறது, உள்ளே கதகதப்புக்குப் போடும் அண்டர்சூட்டின் முழங்காலும் முன்கையும் சொதசொதவென்று இருக்கிறது, உடனே கடைக்குப் போன் போட்டு சூட் ஒழுகுகிறது என்று சண்டை. பெரும்பாலான சமயம் சூட் ஒழுகியிருக்காது. அந்தத் தண்ணீர் உங்கள் தோலிலிருந்து வந்தது, அதிலும் பெரும்பங்கு நீங்கள் குதிப்பதற்கு முன்பே, படகில் வெயிலில் நின்றபோது வந்தது. அதனால் இதற்கான வைத்தியத்தையும் முக்கால்வாசி படகிலேயே பார்த்துவிட வேண்டும்.

டோபர்மோரியை மனதில் வைத்து எழுதுகிறேன். டொராண்டோவிலிருந்து வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டர், புரூஸ் தீபகற்பத்தின் நுனி, ஒரு பக்கம் ஹூரான் ஏரி, மறுபக்கம் ஜார்ஜியன் விரிகுடா. ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருக்கும் நம்மவர்கள் விடியற்காலையில் கிளம்பினால் காலையிலேயே படகேறலாம். 1987-ல் அமைந்த ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்காவுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல் சிதைவுகள் கிடக்கின்றன. 1884-ல் மூழ்கிய அரேபியா என்ற கப்பல் 30 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும், அதனால் அந்தக் குளிர்ந்த தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கோடை முழுக்க அசையாது. ஜூலையில் படகின் தளத்தில் 28 டிகிரி வெயில், கீழே கப்பலருகில் 4 அல்லது 5 டிகிரி. ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் தண்ணீர் வருஷம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான், ஆனால் அங்கே கரையிலும் குளிர் என்பதால் உடை மாற்றும்போது இவ்வளவு வியர்க்காது. மேலே வறுத்து கீழே உறைய வைக்கும் டோபர்மோரி மாதிரி இடங்கள்தான் டிரைசூட்டுக்குள் ஈரம் சேர்வதற்கு மிக மோசமானவை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

முதலில் சூட்டுக்குள் நீங்கள் ஏற்றும் காற்றின் மேல் சந்தேகப்பட வேண்டாம். சிலிண்டரில் அடைக்கும் காற்று மிகவும் உலர்ந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து மில்லிகிராம் ஈரம்தான் இருக்க விடுவார்கள், இல்லாவிட்டால் சிலிண்டர் துருப்பிடிக்கும், மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் குளிரில் உறையும். உங்கள் தோலை ஒட்டி 30 டிகிரியில் இருக்கும் காற்றோ கன மீட்டருக்கு 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராம்கூடத் தாங்காது. மீதி எங்கே போகும்? இட்லிப் பானை மூடியில் நடப்பதுதான். ஆவி மேலே போய் மூடியில் பட்டுத் துளியாகி, மறுபடி இட்லி மேலேயே சொட்டுகிறது. இங்கே மூடி என்பது சூட்டின் சுவர், அதை வெளியிலிருந்து ஏரி விடாமல் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது.

வியர்க்கவே இல்லை என்றாலும் தோலிலிருந்து ஒரு நாளைக்கு 300 முதல் 400 மில்லி வரை நீர் நமக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது ஒரு மணி நேர டைவுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவுதான், அண்டர்சூட் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். வெயிலில் கனமான அண்டர்சூட்டோடு சிலிண்டர் தூக்கும் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வியர்க்கலாம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிரச்சினை எங்கே என்று புரியும்.

சூட்டின் துணியைப் பொறுத்தும் மாறும். டிரைலாமினேட் சூட், அதாவது இரண்டு துணிக்கு நடுவில் பியூட்டைல் ரப்பர் வைத்து ஒட்டிய மெல்லிய சூட், தனியாக எந்த வெப்பத்தையும் தடுக்காது, அதன் உள்சுவர் கிட்டத்தட்ட ஏரித் தண்ணீரின் குளிரிலேயே இருக்கும், ஆகவே துளி அதில் நன்றாகக் கட்டும். நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் சூட்டுக்கு அதன் தடிமனே கொஞ்சம் கம்பளி மாதிரி என்பதால் உள்சுவர் அவ்வளவு சில்லிடாது, துளியும் குறையும். பழைய நியோப்ரீன் சூட்டிலிருந்து டிரைலாமினேட்டுக்கு மாறியவர்கள் புதுசு ஒழுகுகிறது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஈரம் இருந்தால் என்ன, தண்ணீருக்குள்தானே இருக்கிறோம் என்று கேட்கலாம். வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகம், அண்டர்சூட்டின் வேலையே காற்றைப் பிடித்து வைத்திருப்பது, காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்தால் அங்கே கதகதப்பு போச்சு. அது மட்டும் இல்லை. 100 கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுக்கும், எடுத்துக்கொண்டு போய் சுவரில் துளியாகும்போது ஏரிக்குக் கொடுத்துவிடும். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு ஆவியானால் 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு உண்டாக்கும் வெப்பமே சுமார் 100 வாட்தான். படகில் சேர்த்த வியர்வைக்குக் கீழே கொடுக்கும் விலை இது.

கசிவா இல்லையா

வைத்தியம் பார்க்கும் முன் வியாதி எது என்று தெரிய வேண்டும். டைவ் முடிந்து சூட்டைக் கழற்றியதும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் சுருட்டி வைக்காதீர்கள், இரண்டு நிமிஷம் கையால் தடவிப் பாருங்கள்.

சுவரில் குளிர்ந்த துளி என்றால் ஈரம் பரவலாக இருக்கும். சூட்டின் உள்பக்கம் முழுக்க ஒரு படலம், அண்டர்சூட்டின் வெளிமுகம் ஈரம், ஆனால் அதை விலக்கி உள்ளே கை விட்டால் தோலை ஒட்டிப் போடும் பேஸ் லேயர் காய்ந்திருக்கும். முன்கையிலும் முழங்கால் கீழேயும் தூக்கலாகத் தெரியும், ஏனென்றால் அங்கேதான் துணி சுவரோடு அதிகம் ஒட்டுகிறது. உற்றுப் பார்த்தால் அண்டர்சூட்டின் மேல் மயிர்களில் கடுகு மாதிரி தனித்தனி முத்துகளாக நிற்கும், தட்டினால் உதிரும். வியர்வை என்றால் தலைகீழ். முதுகு நடு, அக்குள், மார்பு, இடுப்புப் பட்டி ஆகிய இடங்களில் பேஸ் லேயர் தோலோடு ஒட்டியிருக்கும், வாடையும் வரும்.

கசிவுக்கு ஒரு தடம் உண்டு. மணிக்கட்டில் புகுந்தால் முன்கை வழியாக முழங்கை வரை ஒரு கோடு. கழுத்தில் புகுந்தால் மார்பில் ஒரு வட்டம், நெஞ்சு நடுவில் சில்லென்று. முதுகு ஜிப் என்றால் தோள்பட்டைகளுக்கு நடுவே, குறுக்கு ஜிப் என்றால் அந்த ஜிப் போகும் பாதையில். இடது மேற்கை மட்டும் நனைந்திருந்தால் காற்றை வெளியேற்றும் வால்வைப் பாருங்கள். ஒரு காலின் சாக்ஸ் மட்டும் பிழிந்தால் சொட்டுகிறது, மற்றது காய்ந்திருக்கிறது என்றால் அந்தக் காலில் எங்கோ ஊசித் துளை இருக்கிறது. சிறுநீர் வால்வு வைத்திருப்பவர்கள் அதையும் சந்தேகப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கசிவை அடையாளம் காண இந்தக் கட்டுரை தேவைப்படாது.

கடலில் டைவ் செய்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: சுவரில் இருக்கும் துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை என்றால் அது குளிர்ந்து கட்டிய நீராவி. டோபர்மோரியில் இது உதவாது, ஏரியே நன்னீர். இங்கே தராசுதான் நம்பகமானது. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று பையில் இருக்கட்டும், அண்டர்சூட்டையும் பேஸ் லேயரையும் ஒரே பையில் போட்டு டைவுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். வெயில் நாளில் 100, 200 கிராம் கூடினால் நான் கவலைப்பட மாட்டேன். படகில் வியர்க்கவே இல்லை, ஆனாலும் அரைக் கிலோ கூடியிருக்கிறது என்றால் ஓட்டை தேடுவேன்.

ஓட்டை தேட நல்ல இடம் சூடான நீச்சல் குளம். குளத்துத் தண்ணீர் 27, 28 டிகிரி இருப்பதால் சுவரில் துளி கட்டாது, சந்தேகத்தில் ஒன்று கழிந்தது. அண்டர்சூட் இல்லாமல், சாம்பல் நிறப் பருத்தி டீ-சட்டையும் அதே நிறக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் கை கால்களை மெதுவாக ஆட்டிக்கொண்டு கிடந்துவிட்டு வெளியே வாருங்கள். சாம்பல் துணியில் நனைந்த இடம் கருத்துக் காட்டும், கசிவின் முகவரி எழுதி வைத்த மாதிரி தெரியும். டிரைசூட்டுக்குள் பருத்தி போடலாம் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

அப்புறம் வீட்டில் சோப்புச் சோதனை. மணிக்கட்டு சீல்களில் (தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டைகள்) ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில், கழுத்து சீலில் ஒரு பந்து, ஜிப்பை முழுக்க மூடி, வெளியேற்றும் வால்வைத் திருகி அடைத்து, கொஞ்சமாகக் காற்று ஏற்றுங்கள். தலையணை மாதிரி விறைக்கும் வரை ஏற்ற வேண்டாம், தையலுக்கு நல்லதில்லை, வால்வும் ஓரளவுக்கு மேல் தானே திறந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்பாஞ்சால் தடவிக்கொண்டே போனால் ஓட்டையில் நுரை பூக்கும். மார்க்கரால் வட்டம் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு அதற்கான ஒட்டுப் பசையைத் தடவுங்கள். முழங்கால், தொடை இடுக்கு, காலணி மூட்டு மூன்றையும் விட்டுவிடாமல் பாருங்கள்.

சூட்டில் ஓட்டையே இல்லாமல் கசியும் வழிகளும் உண்டு. பேஸ் லேயரின் ஒரு நூல் மணிக்கட்டு சீலுக்கு அடியில் மாட்டினால் போதும், திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். கழுத்து சீலுக்குள் தலைமுடி, சங்கிலி எதுவும் கூடாது. கையை முறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டின் தசைநாண்கள் புடைத்து அவற்றுக்கு நடுவே பள்ளம் விழும், அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் போகும். ஒல்லியான கைக்காரர்களுக்கு இது அதிகம். சீலை இரண்டு விரற்கடை மேலே தள்ளிப் போட்டால் சரியாகிவிடும்.

படகில்

இந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் பாதி தேவையில்லை.

எல்லோரும் செய்வது என்னவென்றால், டோபர்மோரியின் லிட்டில் டப் படகுத் துறையில் கார் நிறுத்துமிடத்திலேயே அண்டர்சூட், சூட் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஜிப்பை மூடிக்கொண்டு, பிறகு சிலிண்டரும் எடைகளும் தூக்கிக்கொண்டு படகுக்கு நடப்பது. படகு கிளம்பி, இடத்துக்குப் போய், கயிறு கட்டி, விளக்கம் சொல்லி முடிக்கும்போது உள்ளே குளித்து முடித்திருப்பார்கள். வரிசையைத் திருப்புங்கள். டீ-சட்டையோடு சாமான்களை ஏற்றுங்கள், ரெகுலேட்டர் மாட்டி, சூட்டுக்கான குழாய் வரை சரிபார்த்து, கேமரா, விளக்கு, டைவ் கணினி எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு நிழலில் உட்காருங்கள். சூட்டுக்குள் போன பிறகு குனிந்து தேடும் வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, அந்தக் குனிதலும் தேடுதலும்தான் வியர்வை.

படகு இடத்தை நெருங்கும்போது அண்டர்சூட்டை இடுப்பு வரை, சூட்டையும் இடுப்பு வரை, தோள் வார்களை மாட்டி அப்படியே நில்லுங்கள். மேல் உடம்பு காற்றாட இருக்கட்டும். படகைக் கட்டி முடித்து, முதல் ஜோடி இறங்கத் தயாராகும்போது மேல்பாதியை ஏற்றினால் போதும். ஜிப் மூடுவது கடைசி, தலையுறை அதற்கும் கடைசி. ஜிப்பை மூடிய பிறகு தண்ணீருக்குள் போகும் வரை ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாதபடி திட்டமிடுங்கள். கூட வருபவர் மெதுவாகத் தயாராகும் ஆள் என்றால் அவரை முதலில் தொடங்கச் சொல்லுங்கள், நீங்கள் பிறகு தொடங்குங்கள், இதில் மரியாதை பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினால் சீக்கிரம் முடிப்பவர்தான் வேகிறார்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் சில சமயம் தாமதமாகும், முன்னால் போன குழு வர வேண்டும், காற்று திரும்பும். அப்போது வாளியில் ஏரித் தண்ணீர் மொண்டு தலையிலும் சூட்டின் மேலும் ஊற்றிக்கொள்ளுங்கள். கறுப்புச் சூட் வெயிலை வாங்கும் வேகத்துக்கு இது பெரிய நிம்மதி, ஈரம் காயும்போது மேலும் குளிரும். படகோட்டி அனுமதித்தால் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் தண்ணீரில் இறங்கி ஏறலாம். தலைசுற்றல், வாந்தி வரும்போல் இருக்கிறது என்றால் வெட்கப்படாமல் ஜிப்பைத் திறந்து நிழலுக்குப் போங்கள், அது வெப்பத் தளர்ச்சி, அந்த நிலையில் டைவ் வேண்டாம்.

தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். உள்ளே போய்விட்டால் ஒன்றுக்குப் போக முடியாதே என்று காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். வியர்த்தும் கொட்டி, குடிக்காமலும் இருந்தால் உடம்பு வறண்டுவிடும், உடம்பு வறள்வதை டீகம்ப்ரஷன் நோய்க்கு (மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உண்டாவது) வழிவிடும் காரணங்களில் ஒன்றாகவே டைவிங் மருத்துவர்கள் எண்ணுகிறார்கள்.

மின்சாரச் சூடேற்றி உடுப்பு வைத்திருப்பவர்கள் மேலே இருக்கும்போதே அதைப் போட்டுவிடும் பழக்கம் வேறு. வெயிலில் ஹீட்டர். குதிக்கும் வரை அது அணைந்தே இருக்கட்டும். அமெரிக்கக் கடற்படை நடத்திய சோதனைகளில் அடியில் இருக்கும்போது சூடாகவும் மேலே வரும்போது குளிராகவும் இருந்தவர்களுக்குத்தான் டீகம்ப்ரஷன் ஆபத்து அதிகமாகத் தெரிந்தது, ஆகவே பேட்டரியைக் கடைசிப் பகுதிக்குச் சேமித்து வைப்பது இரண்டு விதத்தில் நல்லது.

உள்ளே என்ன போடுவது

தோலை ஒட்டிய முதல் துணிதான் முக்கியம். அது ஈரத்தைத் தோலிலிருந்து இழுத்து வெளியே தள்ள வேண்டும். மெல்லிய மெரினோ கம்பளி, அல்லது பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன் விளையாட்டு உடை எதுவும் சரி. மெரினோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், வாடையும் குறைவு, விலைதான் இடிக்கும். பருத்தி வேண்டவே வேண்டாம், பனியன், உள்ளாடை உட்பட. எதுவானாலும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று தொங்கும் துணி தோலைத் தொடாத இடத்தில் எதையும் இழுக்காது.

அதற்கு மேல் அண்டர்சூட். தின்சுலேட் போன்ற இழைகள் தண்ணீரைத் தமக்குள் உறிஞ்சாததால் ஓரளவு நனைந்தாலும் கதகதப்பைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும், நீளமான மயிர் வைத்த பாலியஸ்டர் கம்பளித் துணியும் நல்லது. வெளிமுகம் வழவழப்பான நைலான் துணியாக இருந்தால் கூடுதல் லாபம், சுவரிலிருந்து சொட்டும் துளி அதன்மேல் வழுக்கிக் கீழே போகும், உள்ளே ஊறாது. சில சூட்டுகளில் உள்சுவரில் தடித்த வலைத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள், அண்டர்சூட் சுவரைத் தொடாமல் தள்ளி வைக்கும் வேலை அதற்கு.

இங்கே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது, ஈரத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். அண்டர்சூட்டின் வெளிமுகம் நனைந்து, தோல் காய்ந்திருந்தால் உங்கள் துணிகள் வேலையைச் சரியாகச் செய்திருக்கின்றன. அதைக் குறை என்று நினைத்து இன்னொரு தடித்த சட்டையைப் போட்டால் படகில் இன்னும் வியர்க்கும், கீழே இன்னும் குளிரும், அடுத்த முறை இன்னொரு சட்டை, இப்படியே போகும். 5 டிகிரிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போடுங்கள், பயத்துக்கு ஒன்று கூடுதலாக வேண்டாம்.

மூச்சு விடும் துணியில் செய்த சூட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தண்ணீருக்கு மேல், கயாக் ஓட்டுபவர்களுக்கு அது நன்றாக உதவும். மூழ்கிய பிறகு வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர், ஆவி எங்கே போகும்? படகில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் பயன் என்று கணக்குப் போட்டு விலையைப் பாருங்கள்.

தண்ணீருக்குள்

சூட்டில் காற்று குறைவாக இருந்தால் தண்ணீர் அழுத்தி அண்டர்சூட்டைச் சுவரோடு ஒட்ட வைக்கும், 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 4 மடங்கு, நீங்கள் காற்று சேர்க்காமல் போனால் உள்ளே இருந்தது கால் பங்காகச் சுருங்கிவிடும். அப்போது சுவரில் இருந்த துளியெல்லாம் துணிக்குள் பிழிந்து இறங்கும். இறங்கும்போதே சின்னச் சின்ன அழுத்தமாகக் காற்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள். பொத்தானை நீளமாக அழுத்திப் பிடிப்பது இந்தக் குளிரில் வால்வை உறைய வைக்கும், திறந்தபடியே மாட்டிக்கொண்டால் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.

அடிக்கடி காற்றை வெளியேற்றி உலர்ந்த காற்றை ஏற்றினால் ஈரம் போய்விடும் என்று சிலர் சூட்டை அலசிக்கொண்டே இருப்பார்கள். கணக்குப் போட்டால் தெரியும்: சூட்டுக்குள் 15 லிட்டர் காற்று, 30 டிகிரியில் நீராவி நிரம்பியது என்றே வைத்துக்கொண்டாலும் அதில் இருப்பது அரை கிராமுக்கும் குறைவு. 100 கிராம் வியர்வையை இப்படி வெளியேற்ற சிலிண்டர் பத்தாது.

இடது மேற்கை வால்வைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலம் நனைவது சகஜம், காற்று வெளியேறும் கடைசி நொடியில் இரண்டு சொட்டு உள்ளே வரும். அதற்கு மேல் என்றால் வால்வைக் கழற்றி ரப்பர் தகட்டுக்கு அடியில் பாருங்கள், பெரும்பாலும் அண்டர்சூட்டிலிருந்து உதிர்ந்த ஒரு பஞ்சு இழையோ மணலோ மாட்டியிருக்கும். இன்னொன்று, நனைந்த துணி வால்வின் உள்வாயில் ஒட்டி அடைத்துக்கொள்ளும், காற்று வெளியேறாது. மேலே வரும்போது கையைத் தூக்கியும் காற்று போகவில்லை என்றால் பதறாமல் தோளைக் குலுக்கி, முழங்கையை உடம்பிலிருந்து விலக்கித் துணியை நகர்த்துங்கள்.

ஈரத்தைச் சகித்துக்கொள்ளலாம், ஓடும் தண்ணீரைச் சகிக்கக் கூடாது. சில்லென்று ஒரு கோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது, காலணியில் தேங்குகிறது என்றால் அது கசிவு, டைவை அங்கேயே முடியுங்கள். நடுக்கம் தொடங்கினாலும் அப்படியே.

இரண்டு டைவுக்கு நடுவில்

முதல் டைவ் எப்படியோ ஓடிவிடும், இரண்டாவதில்தான் எல்லோரும் உறைகிறார்கள். காரணம் நனைந்த பேஸ் லேயரோடு ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்துவிட்டு அப்படியே மறுபடி இறங்குவது. இன்னொரு ஜோடி பேஸ் லேயரும் சாக்ஸும் காற்றுப் புகாத பையில் கொண்டுபோங்கள். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நல்ல பலன் தரும் பொருள் டிரைசூட் உலகில் எனக்குத் தெரியாது.

ஏறியதும் சூட்டை முழுக்கக் கழற்றுங்கள். மைக்ரோஃபைபர் துண்டால் உள்சுவரை, குறிப்பாகக் கைகளையும் காலின் கீழ்ப்பகுதியையும் துடைத்துவிடுங்கள். அண்டர்சூட்டை வெளிமுகம் வெளியே இருக்கும்படியே காற்றில் மாட்டுங்கள், ஈரம் இருப்பது அங்கேதான். நன்றாக ஒரு உதறு உதறினால் பாதித் துளிகள் அப்போதே தெறித்துவிடும். உலர் கையுறை போடுபவர்கள் அதன் உள் உறையையும் மாற்றுங்கள், கையில் வியர்ப்பது தெரியாது, விரல் நுனி மரத்த பிறகுதான் தெரியும்.

பனிக்காலத்தில் வேறு கதை. அப்போது வியர்வை குறைவு, ஆனால் இருக்கும் ஈரம் உறையும். கழற்றி வைத்த சூட்டில் ஜிப்பின் பற்களும் வால்வும் ஐஸ் பிடித்து நிற்கும், ஜிப்பைப் பலவந்தமாக இழுத்தால் போயிற்று. காருக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்திருங்கள், இறங்கும் முன் வால்வு இரண்டும் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

ஜிப்பை மூடி வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, முதலில் வெளிப்பக்கம் காயட்டும், பிறகு உள்பக்கம் வெளியே திருப்பிக் காய வைக்கலாம். காலணி மேலே இருக்கும்படி தொங்கவிட்டு ஜிப்பைத் திறந்து வைத்தால் தண்ணீர் வடியும். காலணிக்குள் காற்று போகாது, அங்கேதான் பூஞ்சை பிடிக்கும், சின்ன மின்விசிறியை அதற்குள் ஊதும்படி வையுங்கள், அல்லது செய்தித்தாளைக் கசக்கித் திணித்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்க்காற்றில் மட்டும்.

வெயிலில் போட வேண்டாம், லேடெக்ஸ் சீல் வெயிலில் வெடிக்கும். நம் வீடுகளில் பேஸ்மென்ட்தான் வசதி, அங்கே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடினால் ஒரே இரவில் காய்ந்துவிடும். ஃபர்னஸ் பக்கத்தில் மாட்டாதீர்கள், மோட்டார்கள் விடும் ஓசோன் லேடெக்ஸைத் தின்னும். சீல்களுக்கு வாசனை இல்லாத டால்க் பவுடர் போடுங்கள், தேங்காய் எண்ணெய், வாஸலின் எதுவும் கூடாது. உலோகப் பல் ஜிப்புக்கு மெழுகு, பிளாஸ்டிக் ஜிப்புக்கு அது போய் முட்டும் முனையில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ்.

வாடை வந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு உள்பக்கத்தை அலசி எடுங்கள், வாசனைத் திரவம் அடித்து மறைப்பது வேலைக்காகாது. அண்டர்சூட்டைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம், அது இழையின் மேல் படிந்து ஈரத்தை நகர விடாமல் செய்துவிடும். பேஸ் லேயருக்கும் இதே விதி. கம்பளியைக் குளிர்ந்த தண்ணீரில், முறுக்கிப் பிழியாமல்.

மடித்துப் பெட்டியில் வைக்கும் முன் காலணிக்குள் கையை விட்டு விரல் இடுக்கு வரை தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, இன்னொரு இரவு தொங்கட்டும்.